விலை போடாத கட்டை

ஒரு கட்டைக்கு என்ன விலை சொல்வது என்பதுதான் எனக்கு இன்றுவரை கைவராத வேலை. செதுக்குவது, இழைப்பது, எண்ணெய் போடுவது எல்லாம் தானாக வரும். முடித்துத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாமக்கல்லில் தினமும் காலையில் முட்டைக்கு விலை வைப்பது போல சேகரண்ணனும் அன்றன்றைக்கு ஒரு விலை வைக்கிறார் என்று சேலத்து ரைபிள் கிளப்பில் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நீங்கள் கோகிலவாணிக்காக வாதாடப் போகிற வக்கீல். கேட்க வந்தது மாத்திரையைப் பற்றி. அதைச் சொல்கிறேன். ஆனால் கட்டையில் ஆரம்பித்தால்தான் மாத்திரை விளங்கும். பக்கத்துப் பட்டறைகளில் தகடு அடிக்கிற சத்தம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றுவிடும். அதுவரை கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் லாரிக்குப் பாடி கட்டுவது. தனசேகர் பட்டறை என்றால் திருச்செங்கோடு ரோட்டில் யாரும் காட்டுவார்கள். கட்டை வேலை பொழுதுபோக்காக வந்தது. துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்க்கிறோமே, அந்த மரப்பகுதியைத்தான் கட்டை என்கிறோம். குழலும் விசையும் கம்பெனி செய்தவை, அவற்றை நான் தொடமாட்டேன். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் காக்கை விரட்ட வைத்திருந்த காற்றுத் துப்பாக்கி மொபெட்டிலிருந்து விழுந்து கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. கழித்துப் போட்ட ஒரு லாரியின் தரைப்பலகையிலிருந்து நல்ல வாகைத் துண்டாக எடுத்து அவருக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அப்படியே கிளப்பில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் இதுவும். கை நீளம், கழுத்து உயரம், தோள் எலும்பு எங்கே குழிகிறது, கன்னத்தில் சதை எவ்வளவு. எல்லாம் பார்க்க வேண்டும். கடையில் விற்கிற கட்டைகளில் ஏற்றி இறக்கத் திருகுகள் இருக்கும். என் கட்டையில் திருகு கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு மரம், அவ்வளவுதான். ஒட்டும் கிடையாது. கை தவறி அதிகமாகச் சீவிவிட்டால், அதன்மேல் ஒரு சீவலை வைத்து ஒட்டிச் சரிக்கட்டுகிற வழக்கம் என் பட்டறையில் இல்லை. அந்தத் துண்டை அடுப்புக்குப் போட்டுவிட்டு வேறு துண்டில் தொடங்குவேன். ஒட்டினால் கோடு தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

விலைக்கு நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். வந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைச் சாய்க்கச் சொல்வேன். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வேன். திறந்ததும் குறி எதிரே நிற்க வேண்டும். நின்றால் முழு விலை. கழுத்தைக் கொஞ்சம் நீட்டியோ தாழ்த்தியோ தேடினார் என்றால் மரத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை முதலிலிருந்து செய்வேன். யாரும் ஏமாற்ற முடியாது, முகமே சொல்லிவிடும்.

விலை வாங்கிவிட்டால் அது அவர்கள் பொருள். ராசிபுரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நான் செய்த கட்டைக்குக் காருக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். காசு கொடுத்தவர், அவர் இஷ்டம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோகிலவாணியின் அப்பா வேல்முருகன் லாரி ஓட்டுகிறவர். சொந்த லாரி எடுத்தபோது என்னிடம்தான் பாடி கட்டினார். அவர் பலகை பார்க்க வந்த ஒரு நாள் கூடவே அந்தப் பிள்ளையும் வந்தது. பள்ளிக்கூடச் சீருடை, எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை. மூலையில் சாத்தியிருந்த காற்றுத் துப்பாக்கியைக் கேட்காமலே எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தது. எடுத்த வேகத்தில் அப்படியே நின்றது. வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒருவன் சம்மட்டியால் அடிக்கிறான், அவள் இமைகூட ஆடவில்லை. பெரிய பெரிய ஆட்கள் தோளில் வைத்துத் தள்ளாடியதை எல்லாம் பார்த்தவன் நான். பலகையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன்.

"பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்கண்ணா" என்றார் வேல்முருகன்.

"உங்களுக்கு லாரி எதுக்கு? அது மாதிரிதான். எங்கிட்ட உடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. சேலம் கிளப்பில் சேர்த்துவிட்டேன். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வர நாளாகும், அம்மா சுப்பம்மாள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சேலத்துக்குக் கூட்டிப்போவேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் கட்டையைச் செய்து கொடுத்தபோது வேல்முருகன் பையிலிருந்து பணத்தை எடுத்து, "எவ்வளவு ஆச்சுங்கண்ணா" என்று கேட்டார்.

"உள்ள வையுங்க. இது என்ற புள்ளைக்குச் செஞ்சது. இதுக்கு விலை கெடையாது" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிள்ளை வளர வளரப் பழையதை வாங்கி வைத்துக்கொண்டு புதிதாகச் செய்து கொடுத்தேன். அவள் வளர்த்தி நின்ற வருஷம் செய்ததுதான் கடைசிக் கட்டை. என் கையில் வந்ததிலேயே அதற்கு ஈடு இல்லை. கன்னம் படுகிற இடத்தில் வாகையின் கருத்த ரேகை ஒன்று வளைந்து ஓடும். கண்ணை மூடிச் சாய்த்தாள், திறந்தாள், சிரித்தாள். அதற்கு நான் விலை போட வேண்டியிருந்திருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று தெரியவில்லை. மாவட்டத்தில் ஜெயித்தாள், மண்டலத்தில் ஜெயித்தாள். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் கட்டை என்னிடம் வரும். துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

கிளப்பில் பயிற்சி கொடுக்கிற சரிதா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாநிலப் போட்டியில் கோகிலா ஜெயித்துவிடுவாள், பிறகு தேசிய முகாமுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே வெளிநாட்டு அலுமினியக் கட்டைதான் கொடுப்பார்கள், இந்த மரத்தை விட்டு இப்போதிருந்தே பழகினால் நல்லது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் கோகிலாவே பேச்சை எடுத்தாள். "அதுல எல்லாத்துக்கும் திருகு இருக்குதாமாங்க பெரியப்பா. வேணுங்கறப்ப நானே ஏத்தி எறக்கிக்கலாமாம். சும்மா சும்மா உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லீங்க."

"அப்படியா சாமி. நல்லது" என்றேன்.

தொந்தரவு என்றாள். அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் எண்ணெய் போடுவதற்காகக் கட்டை என்னிடம் வந்தது. கன்னம் படுகிற இடத்தை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது. மேலே எண்ணெய் போட்டுத் தேய்த்ததும் ரேகை முன்னைவிட அழகாகத் தெரிந்தது. அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். சின்னப் பிள்ளை, ஊர் பேர் தெரியாத முகாமில் போய் என்ன செய்யும்.

கன்னம் தாழ்ந்தால் கண்ணும் தாழும். குறி தெரிய வேண்டுமென்றால் கழுத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடித்த கழுத்து கொஞ்ச நேரத்தில் இறுகும், இறுகினால் தோள் ஆடும், தோளிலிருந்து நடுக்கம் கைக்கு வரும். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்தது.

"கட்டையில ஏதாச்சும் ஆயிருக்குமாங்க பெரியப்பா?" என்று கேட்டாள்.

"மரத்துக்கு என்ன சாமி ஆகும்? அது அப்படியேதான் இருக்குது. நீதான் கழுத்தை இறுக்கற" என்றேன்.

நம்பினாள். கிளப்பில் வேறு யாராக இருந்தாலும் கட்டையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பார்கள். சரிதாவே ஒருமுறை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேகரண்ணன் வேலையில குத்தம் இருக்காது" என்று கொடுத்துவிட்டார். என் பெயர் அப்படி. அதனால் அந்தப் பிள்ளை தன் உடம்பைச் சந்தேகப்பட ஆரம்பித்தது.

இதற்குப் பிறகும் நான் சுரண்டினேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம். எண்ணெய்க்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். கண்ணைப் பரிசோதித்தார்கள், கண்ணாடி வேண்டாம் என்றார்கள். ஈரோட்டில் நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்று சொன்னதில்தான் அவளுக்குப் பயம் அதிகமானது. அம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கோகிலா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகிக்கொண்டாள். தூங்கும்போது என் கை ஆடுகிறதா பார்த்துச் சொல் என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்பாளாம். சுப்பம்மாள் என்னிடம் வந்து அதைச் சொல்லி அழுதார். நான் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

மாநிலப் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மத்தியானம் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உட்டரலாம்னு இருக்கறேனுங்க பெரியப்பா. சேலத்துல நர்சிங்க்கு எழுதிப் போட்டிருக்கறேன். என்ற கை இதுக்கு லாயக்கில்லீங்க."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. முகாமுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேனே தவிர, துப்பாக்கியையே கீழே வைத்துவிடுவாள் என்று நினைக்கவில்லை. அவள் சுடவில்லை என்றால் அந்தக் கட்டை யாருக்கு? அந்தக் கன்னத்துக்குச் செய்தது வேறு யாருக்கும் ஆகாது. பரணில் கிடக்க வேண்டியதுதான்.

நீங்கள் கேட்கப் போவதை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சீவல் வாகையை எடுத்து, சுரண்டிய இடத்தில் வைத்து ஒட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பசை காய்கிற நேரம்தான். மறுநாளே அவள் பழையபடி நின்றிருப்பாள். அதற்கான துண்டைக்கூடத் தேடி எடுத்தேன். ரேகைக்கு ரேகை வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் அந்த வளைவில் ஒரு கோடு விழுந்தது. மாநிலப் போட்டியில் நாலு பேர் கையில் எடுத்துப் பார்க்கிற கட்டை. புதுக்கட்டை செய்யலாம்தான். செய்தால் பழையதில் என்ன குறை என்று கேட்பார்கள். துண்டைத் திரும்ப மரக்குவியலில் போட்டுவிட்டேன். மாநிலப் போட்டி வரைக்கும் சுடு, பிறகு பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

பிறகுதான் மாத்திரை. எனக்கு ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தது. நெஞ்சின் துடிப்பை அடக்கும், கை நடுக்கமும் நிற்கும். கோகிலா சேலத்திலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டில் கம்மங்கூழ் குடித்துவிட்டுத்தான் போவாள். மாத்திரையை நுணுக்கிக் கூழில் கலந்து கொடுத்தேன். போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சிக்குப் போகும்போதும், போட்டி அன்றைக்கும் மோரில் கலந்து பாட்டிலில் கொடுத்தனுப்பினேன். என் மனைவி ஜானகிக்கு இதில் எதுவும் தெரியாது. மாத்திரை எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று ஒருமுறை கேட்டாள், சாக்கடையில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவளை இதில் சேர்க்க வேண்டாம்.

அது தடை செய்த மருந்து என்று எனக்குத் தெரியுமா என்று உங்கள் கேள்வி. தெரியாது என்று சொன்னால் எனக்கு நல்லது. சரிதா பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னபோது நான் பின்னால் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "தலைவலி மாத்திரைன்னாக்கூட என்னைக் கேக்காம வாயில போடக் கூடாது. ஊட்டுல பெரியவங்க போடற பிரஷர் மாத்திரை இருக்குதே, அதுல ஒரு சிலது கையை நிறுத்தும். மாட்டுனா வருஷக்கணக்குல வெளிய உக்காரோணும்" என்றார். தெரியும். எல்லோரையுமா சோதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மாநிலப் போட்டியில் அவள் சுட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்து வலித்திருக்கும், ஆனால் கை ஆடவில்லை. பட்டறையில் முதல்நாள் நின்றாளே, அப்படி நின்றாள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் உலோகக் கட்டைகளோடு நிற்க, நடுவில் ஒரு வாகை மட்டும் பளபளவென்று இருந்தது. கடைசிக் குண்டு போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த ஊர் கட்டை இது என்று ஒருவர் கேட்டார். நாமக்கல் என்றேன்.

மெடல் போட்ட கையோடு சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். தடை செய்த மருந்து இருக்கிறது என்று முடிவு வந்தபோது வேல்முருகன் நாக்பூர் பக்கம் இருந்தார். லோடை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டுப் பஸ் மாறி மாறி வந்தார். வந்து அவளை அடித்தார். வரப்போவதாகச் சொன்ன அரசு வேலை போனது, மெடலைத் திருப்பி வாங்கிக்கொண்டு இனிச் சுடக் கூடாது என்று தடை போட்டார்கள். கிளப்பில் பிள்ளைகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என்ன மாத்திரை போட்டாய் என்று ஊரே கேட்டது. அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். சரிதாகூட நம்பவில்லை.

இங்கே வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். "நான் எதையும் போடலீங்க பெரியப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியும் சாமி" என்றேன். அதில் பொய் இல்லை. இந்த ஊரில் அதை நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நீங்க ஒருத்தராச்சும் நம்பறீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். இது நீங்க செஞ்சது, உங்ககிட்டயே இருக்கட்டும் என்று கட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். நர்சிங்க்கும் போகவில்லை. நடுங்குகிற கையால் யாருக்கு ஊசி போடுவது என்று கேட்டாளாம். அந்தக் கையில் ஒன்றும் இல்லை, பாவம்.

அதோ சுவரில் மாட்டியிருக்கிறேன் பாருங்கள், அதுதான். தொட்டுப் பார்க்கலாம். கன்னம் படுகிற இடத்தில் விரலை ஓட்டினால் லேசான பள்ளம் தெரியும். வேண்டுமென்றால் சாட்சியாக எடுத்துப் போங்கள்.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாத்திரையை நுணுக்கிக் கலந்தது நான், அவளுக்குத் தெரியாது, தடை செய்தது என்று தெரிந்தே கொடுத்தேன், அதற்கு முன் கட்டையைச் சுரண்டியதும் நான். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். போலீசுக்குப் போகும் என்றால் போகட்டும். வேல்முருகன் என்னை வந்து அடித்தாலும் சரி. அந்தப் பிள்ளைமேல் இருக்கிற தடை நீங்க வேண்டும். நான் அவளுக்குக் கெட்டதை நினைத்தவன் இல்லை என்பது உங்களுக்கே இப்போது புரிந்திருக்கும்.

தடை நீங்கினால் அவள் திரும்பச் சுட வேண்டும். பழைய கட்டை இனி ஆகாது. அந்த ஜன்னலோரம் நிழலில் காய்கிறதே ஒரு வாகைத் துண்டு, அதை அவளுக்கென்றுதான் எடுத்து வைத்திருக்கிறேன். அழுது அழுது கன்னம் ஒட்டியிருக்கும், மறுபடி அளவெடுக்க வேண்டும். அவளைப் பார்த்தால் ஒரு நாள் பட்டறைக்கு வந்துபோகச் சொல்லுங்கள். விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம், அவளிடம் நான் எதுவும் வாங்க மாட்டேன்.